சொன்ன அளவுக்கு மேல் வெட்டாதவர்

மாடி அக்காவிடம் ‘கொஞ்சம்’ என்ற சொல் செல்லாது. காப்பிக்குச் சர்க்கரை எவ்வளவு என்று அவர் கேட்டு, நாம் ‘கொஞ்சம்’ என்று சொல்லிவிட்டால், கரண்டியைப் பிடித்தபடி அப்படியே நிற்பார். முழுக் கரண்டியா, அரையா, காலா என்று நம் வாயிலிருந்து வரும்வரை சர்க்கரை டப்பா திறந்தே இருக்கும்.

பாளையங்கோட்டையில் நாங்கள் குடியிருந்த வீட்டின் மாடிக்கு அவர் வாடகைக்கு வந்தபோது நான் வங்கி வேலையில் சேர்ந்த புதிது. அப்பா காலமாகியிருந்தார். வீட்டில் நானும் அம்மாவும்தான். அக்காவுக்கு நாற்பதை நெருங்குகிற வயது இருக்கும். ஏரல் பக்கத்துக்காரர். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. ஏன் என்று அம்மா ஒருமுறை கேட்டதற்கு, “தோணலை சித்தி” என்றார். அந்தப் பதிலை நீட்டிக் கதையாக்க அம்மா பலவிதமாக முயன்று பார்த்தாள். நடக்கவில்லை. பாளையங்கோட்டையிலேயே ஒரு தனியார் மருத்துவமனையின் ஆய்வகத்தில் இரத்தம் எடுக்கும் வேலை. காலையில் போனால் பொழுது சாயும்போது திரும்புவார்.

நான் அவரை முதலில் கவனித்தது அவருடைய முடிக்காகத்தான். எனக்கும் அம்மாவுக்கும் அடர்த்தியான சுருட்டை முடி. சீப்பை உள்ளே விட்டால் பல் உடைந்துதான் வெளியே வரும். நுனியோ ஒன்று இரண்டாகவும் இரண்டு மூன்றாகவும் வெடித்து, பழைய தேங்காய் நார் மாதிரிக் கிடக்கும். அக்காவுக்கும் எங்களைப் போலவே சுருட்டை, எங்களைவிட அடர்த்தி. ஆனால் கடைசிச் சுருள்வரை பளபளவென்று இருந்தது. துணி காயப்போட மாடிக்குப் போனபோதெல்லாம் நான் அவருடைய முதுகையே பார்த்துக்கொண்டிருப்பேன்.

எங்கே வெட்டிக்கொள்கிறீர்கள் என்று கேட்டபோது, “வீட்லதான். நானே வெட்டிக்கிடுவேன்” என்றார்.

“எனக்கும் வெட்டிவிடுவீங்களா அக்கா?”

“விடுதேன். எவ்வளவு வெட்டணும்?”

“நுனியை மட்டும். கொஞ்சமா.”

“கொஞ்சம்னா எனக்குத் தெரியாது பிள்ள. விரலைக் காட்டு.”

நான் சுண்டுவிரலை நீட்டி நகத்தின் அளவைக் காட்டினேன். எனக்குப் பயம் இருந்தது. கல்லூரியில் படித்தபோது வண்ணார்பேட்டையில் ஓர் அழகு நிலையத்தில் இதே ‘கொஞ்சமா’வைச் சொல்லித்தான் நாற்காலியில் உட்கார்ந்தேன். அந்தப் பெண் தலையை நன்றாக நனைத்து, முடியை இழுத்துப் பிடித்து வெட்டினாள். நனைந்திருந்தபோது தோளுக்குக் கீழே தொங்கிய முடி, வீடு வந்து காய்ந்ததும் சுருண்டு சுருண்டு காதுவரை ஏறிவிட்டது. விரித்த குடை மாதிரித் தலை. அம்மா என்னைக் கண்டதும் அழுதாள். அன்றிலிருந்து யாரையும் என் முடியில் கத்தரி வைக்க விட்டதில்லை.

இதைச் சொன்னதும் அக்கா சிரித்தார். “நனைஞ்ச முடி பொய் சொல்லும். நான் இம்புட்டு நீளம் இருக்கேன் பாருன்னு காட்டும். காய்ஞ்சாத்தான் அதோட நெசமான நீளம் தெரியும். நம்ம முடியைக் காயவச்சுத்தான் வெட்டணும்.”

ஞாயிற்றுக்கிழமை காலையில் தலை குளித்து, நன்றாகக் காய்ந்தபின் மாடிக்குப் போனேன். தண்ணீர்த் தொட்டியின் நிழலில் ஒரு முக்காலி போட்டிருந்தார். தோளில் வெள்ளை வேட்டித் துண்டு ஒன்றைச் சுற்றிவிட்டார். வெள்ளையில்தான் விழுகிற முடி எவ்வளவு என்று இரண்டு பேருக்கும் தெரியுமாம். தலையை நாலு பாகமாகப் பிரித்து மூன்றைக் கட்டிவைத்தார். அவிழ்ந்திருந்த பாகத்தில் விரல் தடிமனுக்கு ஒரு கற்றை எடுத்து, கயிறு திரிக்கிற மாதிரி முறுக்கினார். முறுக்கினதும் வெடித்த நுனிகள் எல்லாம் அங்கங்கே முள் மாதிரி வெளியே துருத்திக்கொண்டு நின்றன. அவற்றை மட்டும் கத்தரியால் தொட்டுத் தொட்டு எடுத்தார். கடைசியாகக் கற்றையின் அடியில், நான் காட்டிய நகத்தளவு. பிறகு அடுத்த கற்றை.

மத்தியானச் சாப்பாட்டு நேரம் தாண்டிவிட்டது. கீழேயிருந்து அம்மா குரல் கொடுத்துக்கொண்டே இருந்தாள். அக்கா அசையவில்லை. முடிந்ததும் துண்டை என் முன்னால் விரித்துக் காட்டினார். ஒரு கைப்பிடிகூட இல்லை. எல்லாம் பொடிப்பொடியாக இருந்தது. என் நகத்தளவுக்கு மேல் நீண்ட ஒரு துணுக்கைக்கூட நான் பார்க்கவில்லை. முதுகுக்குப் பின்னால் கையை விட்டு முடியைத் தொட்டுப் பார்த்தேன். அது இருந்த இடத்திலேயே இருந்தது. என்னை அறியாமல் ஒரு பெருமூச்சு வந்தது.

“இனிமே வெடிக்காம இருக்க என்ன எண்ணெய் தேய்க்கணும் அக்கா?”

“வெடிச்ச நுனி எந்த எண்ணெயிலயும் ஒட்டாது. ஒட்டும்னு சொல்லுதவன் எண்ணெய் விக்க வந்தவன். வெட்டத்தான் வேணும். புதுசா வெடிக்காம வேணாப் பாத்துக்கிடலாம்.”

அதற்கு அவர் சொன்னதெல்லாம் சின்னச் சின்ன விஷயங்கள். காய்ந்த முடியில் சீப்பு வைக்கக் கூடாது. ஈரமாக இருக்கும்போது, அகலப் பல் சீப்பால், நுனியில் தொடங்கிப் பைய மேலே வரவேண்டும். துவாலையால் போட்டுத் தேய்க்காமல் பழைய பருத்தித் துணியால் ஒற்றி எடுக்க வேண்டும். எங்கள் வீட்டு ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீர் உப்பு. அதனால் குழாயில் ஆற்றுத் தண்ணீர் வருகிற அன்று ஒரு வாளி பிடித்து வைத்துக் கடைசியாக அதை ஊற்றிக்கொள்ள வேண்டும். தலையணைக்குக் கிழிந்த பட்டுச்சேலைத் துண்டில் உறை. இரண்டு மூன்று மாதத்துக்கு ஒருமுறை மாடிக்கு வரவேண்டும்.

அந்தக் கத்தரியைப் பற்றியும் சொல்ல வேண்டும். மெல்லிய, நீளமான கத்தரி. எண்ணெய்த் துணியில் சுற்றி ஒரு பிஸ்கட் டப்பாவில் வைத்திருப்பார். முடியைத் தவிர வேறெதையும் அது தொடக் கூடாது. ஒருநாள் அவர் குளித்துக்கொண்டிருந்தபோது, நான் அவசரத்துக்கு அதை எடுத்துப் பால் பாக்கெட்டின் மூலையை வெட்டிவிட்டு, நன்றாகத் துடைத்துப் பழையபடி வைத்துவிட்டேன். அடுத்த ஞாயிற்றுக்கிழமை என் தலையில் முதல் கற்றையை வெட்டியதுமே கை நின்றது.

“இதை வச்சு என்னத்தை வெட்டுன?”

“பால் பாக்கெட் அக்கா.”

“வாய் மழுங்கிட்டு. மழுங்குன கத்தரி முடியை வெட்டாது, கடிச்சு இழுக்கும். திரும்ப அங்கனதான் வெடிக்கும்.” கோபமே இல்லை குரலில். “சாணை பிடிச்சுட்டு வந்து மிச்சத்தை வெட்டுதேன்.” ஒரு கற்றை குட்டையும் மற்றதெல்லாம் நெட்டையுமாக ஒரு வாரம் வங்கிக்குப் போய்வந்தேன்.

அவருடைய மருத்துவமனைக்கு ஒருமுறை காய்ச்சலுக்காகப் போனேன். எனக்கு முன்னால் ஒரு சின்னப் பெண் இரத்தம் கொடுக்க உட்கார்ந்திருந்தாள். ஆறேழு வயது இருக்கும். “வலிக்கவே வலிக்காது செல்லம்” என்று அவளுடைய அம்மா சொல்லிக்கொண்டே இருந்தாள். அக்கா ஊசியைக் கீழே வைத்துவிட்டார்.

“அப்படிச் சொல்லாதீங்கம்மா. வலிக்கும்.” பிறகு அந்தப் பிள்ளையிடம், “எறும்பு கடிக்கிறதைவிடக் கூட வலிக்கும். தேள் கடி அளவுக்கு வலிக்காது. ஒரு குத்துதான். சரியா?” என்றார்.

பிள்ளை கொஞ்சநேரம் அவரையே பார்த்துவிட்டுக் கையை நீட்டியது. ஆனால் அன்றைக்கென்று நரம்பு சிக்கவில்லை. இன்னொரு முறை குத்தித்தான் ஆகவேண்டும். பிடித்த கையை வேறு யாராக இருந்தாலும் விட்டிருக்க மாட்டார்கள். அக்கா விட்டுவிட்டார்.

“ஒரு குத்துதான்னு உன்கிட்டச் சொன்னேன். நரம்பு சிக்கலை. இன்னொண்ணு குத்தணும். நீ சொன்னாத்தான் குத்துவேன்.”

பிள்ளை அழுதது. பின்னால் வரிசை முணுமுணுத்தது. அக்கா நாற்காலியில் சாய்ந்து காத்திருந்தார். அழுகை ஓய்ந்ததும் அது மற்றக் கையை நீட்டியது.

இந்தக் குணம் எல்லோருக்கும் பிடித்தது என்று சொல்ல முடியாது. எதிர்வீட்டு அம்மா புதுப் பட்டுச்சேலையைக் காட்டியபோது, “நல்ல சேலை. நிறம் உங்களுக்கு எடுக்கலை” என்றார். அதன்பிறகு அந்த அம்மா எங்கள் வாசலைப் பார்க்காமல் நடந்தாள். என் அம்மா ஒரு விருந்துக்குத் தேங்காய்ப்பால் சொதியும் தொட்டுக்கொள்ள இஞ்சிப் பச்சடியும் வைத்து, ஆசையாக ஒரு கிண்ணம் மாடிக்கு அனுப்பி, நன்றாயிருந்ததா என்று மறுநாள் கேட்டாள். “தேங்காப்பால் திரிஞ்சுட்டு சித்தி. இஞ்சிப் பச்சடி நல்லா இருந்துச்சு” என்று பதில் வந்தது.

“அவளுக்கு வாயில நாக்கா இருக்கு, கத்தரியில்லா இருக்கு” என்று அம்மா ஒரு வாரம் புலம்பினாள். தன் தலைமுடிக்கு மட்டும் அந்தக் கத்தரியை அண்டவே விடவில்லை. அம்மாவின் முடி இடுப்பைத் தாண்டியது. அந்த வயதிலும் நரை அங்கங்கேதான். நுனி முழுக்க வெடித்திருந்தாலும் ஒரு துணுக்கு வெட்டச் சம்மதிக்க மாட்டாள். முடிச்சாக அள்ளிச் செருகிக்கொண்டு போய்விடுவாள்.

அப்படி இருந்தவள்தான், ஒருநாள் குளித்துவிட்டு வந்து, மார்பில் ஏதோ கட்டி மாதிரித் தட்டுப்படுகிறது என்று என்னிடம் சொன்னாள். சொல்லிவிட்டு, ஈர முடியை எப்போதும்போல் முடிச்சாக அள்ளிச் செருகிக்கொண்டாள்.

டாக்டர் பார்த்தார். படம் எடுத்தார்கள். ஊசி வைத்துக் கட்டியிலிருந்து துளி சதை எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பினார்கள். முடிவு வர ஒரு வாரம் ஆகும் என்றார்கள். அந்த வாரத்தின் நடுவில் அம்பாசமுத்திரத்திலிருந்து ஓர் உறவுக்காரி அம்மாவைப் பார்க்க வந்தாள். ஆறுதல் சொல்லத்தான் வந்தாள், பாவம். வந்த இடத்தில், தன் நாத்தனாருக்கு இதே மாதிரி வந்ததையும், மருந்து ஏற்றியபின் காலையில் எழுந்தால் தலையணை நிறைய முடி கிடந்ததையும் விவரமாகச் சொல்லிவிட்டு, காப்பி குடித்துவிட்டுப் போனாள்.

அம்மா அன்றும் மறுநாளும் தலையணையைத் தடவிப் பார்த்துக்கொண்டே இருந்தாள். ஞாயிற்றுக்கிழமை தலை குளித்தாள். முடி காய்ந்ததும், அதை விரித்துப் போட்டபடியே விறுவிறுவென்று மாடி ஏறினாள். நான் பின்னாலேயே ஓடினேன்.

“ஏ பிள்ள, அந்தக் கத்தரியை எடு” என்றாள் அக்காவிடம். “கழுத்தோட வெட்டிரு.”

அக்கா துவைத்துக்கொண்டிருந்த துணியை வாளியில் போட்டுவிட்டு நிமிர்ந்தார். “என்னத்துக்கு சித்தி?”

“கொத்துக் கொத்தா உதிருதைப் பாத்துக்கிட்டு இருக்க என்னால ஆகாது. போறது என் கையால போவட்டும்.”

அக்கா கையைத் துடைத்துக்கொண்டு வந்து அம்மாவை முக்காலியில் உட்கார்த்தினார். முடியைக் கையில் ஏந்தி, நுனியை வெளிச்சத்தில் விரித்துப் பார்த்தார்.

“சித்தி, ரிசல்ட் இன்னும் வரலை. என்ன வரும்னு எனக்குத் தெரியாது. உங்க முடி நுனி வெடிச்சிருக்கு, அது தெரியுது. தெரிஞ்சதை மட்டும் வெட்டுதேன்.”

அம்மாவுக்கு வந்ததே கோபம். “ஏன், நல்லதாத்தான் வரும்னு ஒரு வார்த்தை சொன்னா உன் வாயில இருக்க முத்து உதிர்ந்துருமோ? ஊரே சொல்லுது. நீயும் ஆஸ்பத்திரியிலதான வேலை பாக்க? சொல்லேன்!”

“சொல்ல மாட்டேன் சித்தி. எனக்குத் தெரியாது.”

எனக்கு அக்காவின் மேல் ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. ஒரு பொய் சொன்னால் என்ன? யாருக்கு என்ன நட்டம்? அம்மா முகத்தை மூடிக்கொண்டு அழுதாள். கட்டியைக் கண்ட நாளிலிருந்து அவள் அழுது நான் பார்க்கவில்லை. அக்கா அவள் தோளைத் தொடவில்லை, தண்ணீர் எடுத்துவர ஓடவில்லை. பின்னால் அப்படியே முடியைப் பிடித்தபடி நின்றார்.

அழுகை தணிந்தபின் குனிந்து மெல்லச் சொன்னார். “ஒருவேளை மருந்து ஏத்தி, முடி உதிர ஆரம்பிச்சா, அன்னைக்கு நான் லீவு போட்டுட்டு வாரேன். நானே முழுசா எடுத்துவிடுதேன். உங்களைத் தனியா அதைப் பாக்க விட மாட்டேன். இன்னைக்கு அது வேண்டாம்.”

அம்மா மூக்கைச் சிந்தினாள். பிறகு வலது கை ஆட்காட்டி விரலைத் தூக்கி, இரண்டாவது கணுவைக் கட்டைவிரலால் தொட்டுக் காட்டினாள்.

அக்கா வெள்ளைத் துண்டைச் சுற்றினார். அம்மாவின் முடி என்னுடையதைப்போல் இரண்டு பங்கு. நாலு பாகம் போதாமல் ஆறாகப் பிரித்தார். முறுக்குவதும், துருத்தியதை எடுப்பதும், அடியில் அளந்து வெட்டுவதுமாக வேலை நகர்ந்தது. தொட்டி நிழல் விலகி வெயில் வந்ததும் மூவரும் முக்காலியோடு நகர்ந்தோம். மூன்றாவது பாகம் நடக்கும்போது அம்மாவின் தோள் இறங்கியதைப் பார்த்தேன். கட்டியைக் கண்டதிலிருந்து காதோரம் தூக்கிக்கொண்டே இருந்த தோள். ஐந்தாவது பாகத்தில் கண் சொக்கித் தலை முன்னால் சாய்ந்தது. அக்கா ஒரு கையால் நெற்றியைத் தாங்கிக்கொண்டு மறுகையால் வெட்டினார்.

முடிந்ததும் அம்மா பின்னால் கையை விட்டுத் தடவிப் பார்த்தாள். முடி இடுப்பில் அப்படியே இருந்தது. சுருள் ஒவ்வொன்றும் சிக்கில்லாமல் விரலில் வழுக்கியது. “இவ்வளவுதானா வெட்டுன?” என்றாள்.

“நீங்க காட்டுன அளவு சித்தி.”

முடிவு வந்த அன்று நான் அம்மாவைக் கூட்டிக்கொண்டு போனேன். டாக்டர் நல்ல மனிதர். உட்காரச் சொல்லி, சிரித்துக்கொண்டே, “ஒண்ணும் பயப்பட வேண்டாம்மா. சாதாரணக் கட்டிதான். புற்றுநோய் இல்லை” என்றார். எனக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது. ஆட்டோவில் வரும்போது அம்மா என் முகத்தையே உற்றுப் பார்த்துக்கொண்டு வந்தாள்.

“ஏளா, நீ முன்னாடியே போயி டாக்டர்கிட்டப் பேசிட்டியோ?”

“என்னம்மா சொல்லுதே?”

“நோயாளிகிட்ட அப்படித்தான் சிரிச்சிக்கிட்டுச் சொல்லுவாக. எங்க பெரியப்பாவுக்கும் ஒண்ணும் இல்லைன்னுதான் கடைசிவரைக்கும் சொன்னோம்.”

வீட்டுக்கு வந்தும் அப்படித்தான். சத்தியம் செய்தேன். காகிதத்தைக் காட்டினேன். இங்கிலீஷில் இருந்ததால் அதையும் நம்பவில்லை. சாப்பிட மறுத்துவிட்டாள். முன்னறையில் மாடிப்படியைப் பார்த்தபடி நாற்காலியைப் போட்டு உட்கார்ந்துகொண்டாள். யாருக்காக என்று நான் கேட்கவில்லை.

பொழுது சாய்கிற நேரத்துக்கு அக்கா வந்தார். முன்னறையில் அம்மாவைக் கண்டதும் வாசலில் நின்றார். அம்மா காகிதத்தை நீட்டினாள். அக்கா செருப்பைக் கழற்றாமலேயே வாங்கி, விளக்குக்கு அடியில் போய், முதல் பக்கத்தின் பெயரிலிருந்து தொடங்கி வரிவரியாகப் படித்தார். திருப்பிப் பின்பக்கத்தையும் படித்தார். எனக்கே சந்தேகம் வந்துவிட்டது. டாக்டர் சொன்னதைக் காதால் கேட்ட எனக்கே.

“ஆபரேஷன் ஏதும் சொன்னாகளா?” என்று என்னிடம் கேட்டார்.

“வேண்டாம்னுட்டாங்க அக்கா. ஆறு மாசம் கழிச்சு ஒருதடவை வந்து காட்டணும்.”

காகிதத்தை மடித்து அம்மாவின் கையில் கொடுத்தார். “புற்று இல்லை சித்தி.”

அவ்வளவுதான் சொன்னார். அம்மா அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு நாற்காலியில் பின்னால் சாய்ந்தாள். கண்ணை மூடித் திறந்தாள்.

“ஏளா, பசிக்கு. சோறு இருக்கா?” என்றாள் என்னிடம்.

நான் அடுப்படிக்கு ஓடினேன். குழம்பைச் சுடவைத்து, அம்மாவுக்குத் தட்டுப் போட்டுக் கொடுத்தேன். அவள் குனிந்து மளமளவென்று சாப்பிட ஆரம்பித்தாள். அக்காவையும் சாப்பிடக் கூப்பிடலாம் என்று வெளியே வந்தால், அவர் மேலே போயிருக்கவில்லை. மாடிப்படியில் பாதியில், கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். முகம் நனைந்திருந்தது. எதையாவது மறைத்துவிட்டாரோ என்று ஒரு நொடி நினைத்தேன்.

“என்னக்கா? எதுவும் இருக்கா?”

“ஒண்ணுமில்ல பிள்ள. நெசமாவே ஒண்ணுமில்ல.” முந்தானையால் முகத்தைத் துடைத்தார். “ஒரு வாரமா உங்க வாசலைத் தாண்டிப் படியேற முடியலை. வேற மாதிரி வந்திருந்தா, அதையும் சித்தி என்கிட்டத்தான கேட்டிருப்பாவ? நான்தான சொல்லியிருக்கணும்?”

நான் அவர் பக்கத்தில் படியில் உட்கார்ந்தேன். உள்ளே அம்மா தட்டோடு மோர் கேட்டுச் சத்தம் போட்டாள். “போ, ஊத்து. நான் கொஞ்ச நேரம் இங்கன இருந்துட்டு வாரேன்” என்றார் அக்கா. அவர் வாயிலிருந்து ‘கொஞ்ச நேரம்’ என்று நான் கேட்டது அன்றைக்குத்தான்.

மோரை ஊற்றி, அம்மா தட்டைக் கழுவப் போனபின், அவருக்கும் ஒரு தட்டில் சோறு போட்டு எடுத்துக்கொண்டு படிக்கு வந்தேன். அக்கா சுவரில் தலையைச் சாய்த்து, வாய் லேசாகத் திறந்திருக்க, நன்றாகத் தூங்கிப்போயிருந்தார். எழுப்ப மனம் வரவில்லை. தட்டை மூடி வைத்துவிட்டு, தூக்கத்தில் அவர் சரிந்து விழுந்துவிடாதபடி நான் கீழ்ப்படியில் உட்கார்ந்துகொண்டேன்.